பேட்டரி செத்த விளையாட்டு

“இது வேணாங்க. இதுல சேவ் பண்ண முடியுது.”

நிலக்ஷனா அந்தக் கருவியைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் திருப்பி வைத்தாள்.

கடைக்காரர் ஸப்ரான் அவளை நிமிர்ந்து பார்த்தார். பழைய காலத்து வீடியோ கேம்கள் அடங்கிய கைக்கருவிகளைப் பதுளைக் கடைவீதியில் அவர் மூன்று ஆண்டுகளாக விற்கிறார். இப்படியொரு குறையை எவரும் சொன்னதில்லை.

“தங்கச்சி, எல்லாரும் அதைத்தானே கேட்டு வாங்குறாங்க? விட்ட இடத்துல இருந்து பிறகு விளையாடலாம்.”

“எனக்கு அது ஆகாது நானா,” என்றாள் அவரை அண்ணன் முறை வைத்து. “நிறுத்தினா முதல்ல இருந்து தொடங்கணும்.”

அருகில் நின்ற இருதயம்மாவின் முகம் சிவந்தது. அவள் நிலக்ஷனாவின் கணவன் எட்வர்ட்டுடைய மூத்த சகோதரி.

எட்வர்ட்டின் சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. செவ்வாயும் வெள்ளியும் வைத்தியசாலையில் நான்கு மணித்தியாலம் அசையாமல் படுத்து, இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். கடந்த மூன்று தடவையும் இரண்டு மணித்தியாலத்திலேயே எழுந்து வந்துவிட்டான். இது தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

“அங்க ஒருத்தன் உசிருக்குப் போராடுறான். இங்க விளையாட்டுச் சாமான் கேக்குதா உனக்கு?”

“அவருக்குத்தான் அண்ணி.”

“நீ ஒரு வார்த்தை கண்டிச்சிருந்தா அவன் பாதியில எழும்பி வருவானா? பொஞ்சாதின்னு எதுக்கு இருக்க?”

நிலக்ஷனா பெட்டிக்குள் இருந்த மற்றக் கருவிகளைக் குனிந்து பார்த்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஆகையால் எட்வர்ட்டை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்பவள் இருதயம்மாதான்.

“நானா, ஒரு கையால விளையாடுற மாதிரி என்ன இருக்கு?”

“மத்தக் கையில தேத்தண்ணிக் கோப்பையா?” என்று ஸப்ரான் சிரித்தார்.

“மத்தக் கையில ஊசி ஏத்தியிருக்கும். அசைக்கக் கூடாது.”

ஸப்ரானின் சிரிப்பு நின்றது. சிறிய கருவி ஒன்றை எடுத்து அவளது வலது கையில் வைத்தார்.

“இது பெட்டி தள்ளுற கேம். ஒரு பெருவிரல் போதும். கிடங்குக்குள்ள இருக்கிற பெட்டி எல்லாத்தையும் அதது இடத்துக்குத் தள்ளணும். மொத்தம் அறுபது கிடங்கு. மூளைக்கு நல்ல வேலை.”

“அவரும் டீ பெக்டரி ஸ்டோர்லதான் வேலை செஞ்சாரு.”

“நல்லா இருக்கு!” என்றாள் இருதயம்மா. “ஸ்டோர்ல பெட்டி தள்ளினவனுக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்லயும் பெட்டி தள்ளுற வேலை!”

நிலக்ஷனாவின் பார்வை அலமாரியின் மூலையில் கிடந்த பழைய கருவிக்குச் சென்றது.

“அந்தப் பழசுல இந்த கேம் இருக்கா?”

“இருக்கு. ஆனா அது பேட்டரி செத்தது தங்கச்சி. ஒயர் குத்தியிருந்தாத்தான் ஓடும். கழட்டின உடனே அணைஞ்சிடும்.”

“அதையே தாங்க.”

“புதுசு இருக்கயில அது எதுக்கு? சரி, நானே நல்ல பேட்டரி போட்டுத் தாறேன். காசு வேணாம்.”

“போட்டுடாதீங்க நானா! அதுலயும் சேவ் பண்ற வசதி இருந்தா மறைச்சு வைங்க.”

இருதயம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்த அனைவரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்:

“நல்ல சாமானைத் தள்ளிட்டுச் செத்ததைப் பொறுக்குறா பாருங்க. கட்டினவன் மேல இவளுக்கு அவ்வளவுதான் அக்கறை!”

செவ்வாய்க்கிழமை நிலக்ஷனாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தாள். தாதியிடம் அனுமதி பெற்று, கட்டிலின் தலைமாட்டில் ஒயரைச் செருகினாள். எட்வர்ட் வேண்டா வெறுப்பாகக் கருவியைக் கையில் வாங்கினான்.

இரண்டு மணித்தியாலம் கடந்தது.

“அக்கா, இப்படிக் கட்டிப்போட்ட மாதிரி கிடக்க என்னால முடியலக்கா. வீட்டுக்குப் போவோம்.”

இருதயம்மாவின் கண்கள் கலங்கின. “போதும்யா. இரு, நர்ஸைக் கூப்பிடுறேன்.”

எட்வர்ட் திரையைப் பார்த்தான். ஒயரைப் பார்த்தான்.

“கொஞ்சம் பொறுங்க. ஒயரைக் கழட்டினா முப்பத்தொரு கிடங்கும் போயிடும்.”

“போனாப் போகட்டும்யா.”

“உங்களுக்கென்ன, சொல்லுவீங்க! தள்ளினவன் நானு. உக்காருங்கக்கா, கணக்குத் தப்புது.”

இருதயம்மா உட்கார்ந்தாள்.

நான்கு மணித்தியாலம் முடிந்ததும் தாதி வந்தாள்.

“எட்வர்ட், இன்னைக்கு முழுசா முடிச்சிட்டீங்களே!”

“அதுக்குள்ளயா? இன்னும் நாலு கிடங்குதான் மிஸ். ஒரு பத்து நிமிஷம்...”

தாதி சிரித்துவிட்டாள். நிலக்ஷனா பல நாள்களுக்குப் பின் சுவரில் சாய்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

வெளியே நடைபாதையில் இருதயம்மா அவளது கையைப் பற்றிக்கொண்டாள்.

“உன்னை லயத்து வீடெல்லாம் போய்க் குறை சொல்லித் திரிஞ்சேன். அந்த மூணு நாளும் அவன் படுற பாட்டைப் பாக்கச் சகிக்கல. நான்தான் நர்ஸோட மல்லுக்கு நின்னு மெஷினை நிறுத்த வச்சேன்.”

“தெரியும் அண்ணி. நர்ஸ் அன்னைக்கே போன்ல சொல்லிட்டாங்க” என்றாள் நிலக்ஷனா. “அதனாலதான், நீங்க இரக்கப்பட்டாலும் இரக்கப்படாத சாமானாப் பாத்து வாங்கினேன்.”