கூடைக் கயிறு

அண்ணன் மாரப்பன் இறந்து நான்கு வருஷம் சாக்குப் போர்த்திக் கிடந்த அவருடைய மோட்டார் சைக்கிளைப் பரமன் வெளியே எடுத்தான். மறுநாள் காலை திரிங்காப் ஊர்ப் பூத்தோட்டத்தில் புது வேலை. மோட்டார் இருந்தால்தான் வேலை.

இஞ்சின் ஓடியது. ஆனால் கிளட்சைப் பிடித்துக் கியர் போட்டாலும் வண்டி பாய்ந்து நின்றது. உள்ளே பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இடக்கைக் கிளட்ச் பிடியை அழுத்தி ஒரு ராத்திரி கட்டிவைத்தால் விட்டுவிடும் என்று பிரிஞ்சாங் பட்டறையில் சொன்னார்கள். கையில் கிடைத்த கயிற்றால் கட்டினான்.

விடிந்ததும் பார்த்தான். கயிறு இல்லை.

"அஞ்சல! கயித்த அவுத்துட்டியா? போச்சுலா!"

"என் கொழுந்துக் கூடைக் கயிறுங்க அது. அது இல்லாம எப்படிப் பெரட்டுல பேர் குடுத்து வேலைக்குப் போறது? நாலு மணிக்கே அவுத்துட்டேன்," என்றாள் மனைவி.

ஆனால் பிடி அழுந்தியபடியே இருந்தது.

பரமன் உதைத்துக் கிளப்பினான், கியர் போட்டான். பிடி தானாக, மெதுவாக, அண்ணன் விடுவதுபோலவே விட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு புறப்பட்டது.

"ஓடுது அஞ்சல! ஓடுது!"

தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்தவர்கள் கூவினார்கள். பரமன் இடக்கையைத் தூக்கி ஆட்டினான். அடுத்தடுத்து ஏழு வளைவுகள். ஒவ்வொன்றிலும் காலால் கியர் மாற்றினான். ஒவ்வொரு முறையும் கிளட்ச் சரியாக அழுந்தி, சரியாக விட்டது.

திரிங்காப் வரும்வரை அவன் இடக்கையைக் கீழே இறக்கவேயில்லை.