ஒரே ஒரு அதட்டல்

"நான் ஒரு அதட்டு போட்டேன். அவ்வளவு பெரிய போர்க்கப்பல், வாலைச் சுருட்டிக்கிட்டு எங்க படகு பின்னாலயே வந்துச்சு!"

ரிட்டயர்டு நர்ஸம்மா இப்படிச் சொன்னதும், துறைமுகத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன ஹாலே குலுங்கிச் சிரித்தது.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை நடக்கும் இடத்துக்கு மாவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு அடுத்த வாரம் படகு மறுபடி கிளம்புகிறது. அங்கே அகதி முகாமில் ரொட்டி சுட ஆள் இல்லையாம். போக அவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வீட்டு அம்மணி கறாராகச் சொல்லிவிட்டாள்: "உயிருக்குப் பாதுகாப்புன்னு யாராவது எனக்கு நம்பிக்கை வர்ற மாதிரி சொல்லட்டும். அப்புறம் பெட்டியைக் கட்டுங்க."

இப்போது அவளே கேட்டாள். "கவர்மென்ட் கப்பல் பாதி வழிதானே வரும்னாங்க?"

"ஆமாம்மா. நம்ம ஆளுங்க போறாங்களேன்னு அரசாங்கம் துணைக்கு அனுப்புச்சு. கடல் எல்லை வந்ததும், 'இதுக்கு மேல எங்களுக்கு உத்தரவு இல்லை'ன்னு ரேடியோவுல சொல்லிட்டுத் திரும்பப் பார்த்துச்சு. விடுவேனா? மைக்கைப் பிடுங்கினேன். 'டேய்! எங்களை நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிடுவியாடா நீ?' அவ்வளவுதான். போட்ட சத்தத்துல மீனெல்லாம் கரையேறி ஓடிடுச்சு. பீரங்கி குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுச்சு பாருங்க!"

"சும்மா அளக்காதீங்க!" பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த கட்டம்போட்ட சட்டைக்காரர் எழுந்தார். "திட்டினா வழி மாறுறதுக்கு அது என்ன மாட்டுவண்டியா? மேலிடத்து உத்தரவு வேணும். அதுவும் கேப்டனைப் போய் 'டேய்'னா, கேட்டுக்கிட்டு இருப்பாரா?"

"பின்னே, 'மாண்புமிகு'ன்னா கூப்பிடணும்?"

மறுபடியும் சிரிப்பு. சட்டைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எல்லை தாண்டிக் கப்பல் வந்துச்சுன்னு எந்தப் பேப்பர்லயாவது வந்துச்சா? இந்தக் கதையை நம்பி யாரும் போகாதீங்க. அறுபத்தாறு வயசுல இவங்களும் போகக்கூடாது."

"அடேயப்பா, என் வயசு வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்காரே தம்பி!" நர்ஸம்மா எல்லோரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பேக்கரிக்காரரின் மனைவி பையைத் தோளில் மாட்டினாள். "கிளம்புங்க. விவரம் தெரிஞ்சவர் சொல்றார்ல?"

பேக்கரிக்காரர் எழுந்தார். கால் நகரவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா. அடுப்புக்கு வேற ஆள் பாருங்க."

நர்ஸம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"போன தடவை ரொட்டி சுட ஆள் இல்லாம, பிள்ளைங்க பச்சை மாவைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சாங்கப்பா" என்றார் மெதுவாக. அதில் கடுகளவும் சரடு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சட்டைக்காரர் தலையைச் சொறிந்தார். கூரையைப் பார்த்தார். பிறகு நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து, பேக்கரிக்காரரின் மனைவி முன்னால் நின்றார்.

"கப்பல் வந்துச்சுங்க. எல்லையைத் தாண்டி, இவங்க கரை இறங்குற வரைக்கும் வந்துச்சு. மேலிடத்துகிட்ட கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிட்டுத்தான் வந்துச்சு. இந்தத் தடவைக்கு இப்பவே அனுமதி வாங்கியாச்சு. தைரியமா அனுப்புங்க."

"இவ்வளவு நேரம் இல்லவே இல்லைன்னு சாதிச்சீங்க? உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நான்தான் அந்தக் கப்பலோட கேப்டன். வேற யார் திட்டியிருந்தாலும் உத்தரவு இல்லைன்னு திரும்பியிருப்பேன். பெத்த தாய் நடுக்கடல்ல நின்னு 'டேய்'னா என்னங்க பண்றது?"