இரண்டாவது சேனல்

"ரெண்டாவது சேனலை மட்டும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தொட்டீங்களா?" மீட்டரோடு வந்து நின்றார் லேப் மேனேஜரம்மா.

"இல்லை மேடம்," என்றான், வேலைக்குச் சேர்ந்து நாலே நாளான என்ஜினியர்.

வாய் கூசாத பொய். முதல் சேனலுக்கு வோல்ட் செட் செய்யும்போது கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட, அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஆஃப் செய்து ஆன் செய்திருந்தான். கம்ப்யூட்டருக்குள் இருந்து ஒவ்வொரு சேனலின் ஒயருக்கும் வோல்ட் கொடுக்கும் கார்டின் அவுட்புட் எல்லாம் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. காலையில் அவர் இரண்டாவது சேனலை அளந்தபோது மீட்டரில் 2.73 என்று தெரிந்த ஞாபகத்தில், அதற்கு அதையே தட்டிவிட்டான். அந்தச் சேனல் ஒயரின் மறுமுனையில் எதுவுமே மாட்டவில்லை. யார் குடி முழுகிவிடப் போகிறது?

ஒயர் முனையில் வைத்த மீட்டர் 2.73 காட்டியது. அவர் முகம் தெளிந்தது.

"சும்மா தொங்குற ஒயருக்கு எதுக்கு மேடம் வோல்ட்?"

"மோட்டார் இருந்துச்சு. கழட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க சீட்ல இருந்தவர், 2.73ன்னு தட்டிட்டு 'டீ குடிச்சுட்டு வந்துடறேன்'னு போனார். படியிலேயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கலை. கரண்ட் போகாத வரைக்கும், கடைசியா போட்டதை இந்தக் கார்டு விடாம பிடிச்சுக்கிட்டிருக்கும். அதான் ரெண்டு வருஷமா இந்தக் கம்ப்யூட்டரை நான் அணைக்கவே விடலை."

"அவர் உங்களுக்கு..."

"வீட்டுக்காரர். அவர் கை போட்டது அப்படியே நிக்குது, பாருங்க."

"ஆமா மேடம்," என்றான், தட்டிய விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு.