வருவாயோ

அந்த இடம் வந்தது. அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விசும்பினாள்.

மண்டபம் கை தட்டியது.

தட்டும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது சரணத்தில், 'வருவாயோ' என்ற சொல்லின் நடுவில், அசல் சினிமாப் பாட்டில் ஒரு சின்ன விசும்பல் உண்டு. குரல் உடையும். உடனே சேர்ந்துகொள்ளும். படம் ஓடவில்லை. நடித்தவர்களை யாருக்கும் ஞாபகமில்லை. விசும்பலை மட்டும் ஜனங்கள் விடவில்லை.

கல்யாண வரவேற்புகளில் பாடும் பெண்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதை அப்படியே கொண்டுவருகிறவள் அவள் ஒருத்திதான். கேசட்டைத் தேயத் தேய ஓட்டிப் பிடித்தது. புதிதாக ஏதாவது செய்து பார்த்தால் கூட்டம் செல்போனை எடுத்துவிடும். தெரிந்த பாட்டைத் தெரிந்த மாதிரியே கேட்பதில்தான் அவர்களுக்குச் சுகம். அவளுக்கும் அதில் குறையொன்றும் இருந்ததில்லை.

இன்றைக்குக் கூடுதலாக இழுத்ததற்குக் காரணம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஜெயசௌந்தரி அம்மாள். அந்தப் பாட்டைச் சினிமாவில் பாடியவர். மாப்பிள்ளைக்கு அத்தை முறை.

அவர் மெச்ச வேண்டும் என்று இருந்தது.

பாட்டு முடிந்ததும் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் போய்க் காலில் விழுந்தாள். அந்த அம்மாள் அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். மைக்கில் விழாதபடி காதோரமாகப் பேசினார்.

"நல்லா பாடுறே கண்ணு. அந்த விசும்பல் மட்டும் வேணாமே."

அவள் விழித்தாள்.

"அன்னைக்கு மியூசிக் டைரக்டர், அத்தனை வாத்தியக்காரங்களும் கேக்க, இந்தக் குரலுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகலாமேன்னு மைக்லயே சொல்லிட்டாரு. அழுகைய அடக்கிக்கிட்டுப் பாடுனேன். அந்த எடத்துல அடங்கல. அதுதான் நல்லா இருக்குன்னு வெச்சுக்கிட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் கன்னத்தைத் தட்டினார். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். இறங்கிப் போய் உட்கார்ந்தார்.

அவள் தன் மைக்குக்குத் திரும்பினாள்.

எத்தனை மண்டபம். எத்தனை கைதட்டல். ஒருத்தி அவமானப்பட்ட சத்தத்தை இவள் வீட்டில் உட்கார்ந்து நெட்டுருப் போட்டிருக்கிறாள். இன்றைக்கு அவர் முகத்துக்கு எதிரிலேயே நீட்டி முழக்கி வேறு காட்டியாகிவிட்டது.

"ஒன்ஸ் மோர்."

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள். அப்புறம் பின்வரிசை. அப்புறம் எல்லோரும்.

அவள் குழுத் தலைவர் பெர்னாட்டிடம் ஓடினாள். "அண்ணே, வேற பாட்டுக்குப் போயிரலாம்ணே."

"பாடுனவங்களே உக்காந்து கேக்குறாங்க. உனக்கு இதவிட என்ன வேணும்? சரணத்துலேர்ந்து எடு."

கீபோர்டு ஆரம்பித்துவிட்டது.

விசும்பாமல் பாடிவிடலாம். அவ்வளவுதானே.

மனசுக்குள் ஒருமுறை பாடிப் பார்த்தாள். விசும்பல் வந்தது. இன்னொருமுறை பார்த்தாள். மறுபடியும் வந்தது. அது இல்லாமல் அந்த வரியை அவள் ஒருநாளும் பாடியதில்லை. அந்தச் சொல்லே அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியும் போயிற்று.

முன்வரிசைப் பக்கம் பார்க்கவே கூடாது என்றிருந்தாள். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை இருந்தது. வீடியோக்காரர் கேமராவை ஜெயசௌந்தரி அம்மாள் முகத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அசல் பாடகி கேட்கிறார் அல்லவா. அந்த வீடியோக்காரருக்கு வேலை தெரியும்.

'வரு' வந்தது.

அவள் சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

மேடைப் பாடகர்கள் எல்லோரும் செய்வதுதான். வரி மறந்தால் செய்வார்கள். தொண்டைக்கு எட்டாவிட்டால் செய்வார்கள். இதற்காகவும் செய்யலாம் என்று அந்த நொடியில் தோன்றியது. தப்பித்தோம் என்றுகூட நினைத்தாள்.

மண்டபம் முழுக்க விசும்பியது.

மாமாக்கள் விசும்பினார்கள். கைக்குழந்தைக்காரிகள் விசும்பினார்கள். சிநேகிதர்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, சிரித்துக்கொண்டே விசும்பினார்கள். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் விசும்பினார்கள். இடம் தவறவில்லை. ஒருத்தருக்கும் தவறவில்லை. நீட்டிய மைக் அத்தனையையும் அள்ளி ஸ்பீக்கர் பெட்டிகளில் கொண்டுபோய்க் கொட்டியது.

அவள் கையை மடக்கியிருக்கலாம். கை வரவில்லை.

திரையைப் பார்த்தாள்.

ஜெயசௌந்தரி அம்மாள் தன் முகத்தைத் தானே திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். கல்யாண வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா. புன்னகைத்தார்.

பிறகு அவரும் வாயைத் திறந்து, அழகாக, விசும்பிக் காட்டினார்.

விசில் பறந்தது. யாரோ எழுந்து நின்று தட்ட, எல்லோரும் எழுந்தார்கள்.

அடுத்த வரி அவளுடையது. கைதட்டலுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறாள் என்று எண்ணி, பெர்னாட் அண்ணன் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். தபேலாக்காரர் இன்னொரு சுற்று வாசித்தார்.

அப்புறம் இன்னொரு சுற்று.