வெயிலில் வைத்த டம்ளர்

“குடிக்கத் தண்ணி குடுங்க” என்றேன். நம்ம தெரு ஆளுங்க அந்த வீட்டில் இதை மட்டும் கேட்கக்கூடாது என்று சொல்லித்தான் அம்மா என்னை ஹரிணிக்கு டியூஷன் எடுக்க அனுப்பினாள். ஹரிணியின் தாய் சமையலறையிலிருந்தே, “பேப்பர் கப்பு தீந்துபோச்சும்மா, வாங்க ஆள் போயிருக்கு, பொறு” என்றாள். ஜன்னல் வெயிலில் அவர்கள் வீட்டுக் கண்ணாடி டம்ளர் இருந்தது. பாடத்துக்காக ஹரிணி அதில் குடிதண்ணீர் நிரப்பி, குளத்தில் வளரும் ஒரு ஹைட்ரில்லா கொடியைக் கழுவிப் போட்டிருந்தாள். இலைகளிலிருந்து குமிழ்கள் ஏறிக்கொண்டிருந்தன.

“இந்தக் காத்து எங்கேர்ந்து மிஸ் வருது?”

“தண்ணியிலேர்ந்து. வெயில வச்சு செடி தண்ணிய உடைக்குது. வேண்டியத எடுத்துக்கிட்டு ஆக்சிஜன வெளிய தள்ளுது. அது வேணாம்னு தள்ளினதத்தான் நாம மூச்சா இழுக்கிறோம்.”

“எங்கம்மாவுமா?”

“உங்கம்மாவுந்தான். அதுக்கு மட்டும் தனி கப்பு கிடையாது.” உள்ளே கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

பாத்திரச் சத்தம் நின்றது. கொடியைத் தூக்கி ஹரிணியின் நோட்டில் போட்டேன். டம்ளரை உதட்டில் வைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். ஓடிவந்த அவள் தாய், “ஐயோ, அந்த டம்ளரு!” என்றாள். காலி டம்ளரை மறுபடி வெயிலிலேயே வைத்தேன். இனி இங்கே வருவதில்லை என்பதைத் தண்ணீர் கேட்கும் முன்பே முடிவு செய்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.