நாலாவது குறை

மட்டையால் பந்தைத் தட்டி விளையாடும் பழைய பின்பால் மெஷின்களை விற்பவர் அவர். எந்த மெஷினானாலும், சரிசெய்ய வேண்டிய சின்னக் குறைகளை ஒளிவுமறைவில்லாமல் அட்டையில் எழுதித் தொங்கவிடுவார். போன வருஷம் இறந்த மனைவியின் மெஷினுக்கும் அப்படித்தான் எழுதினார்: ஒரு பல்பு எரியாது. மணி கரகரக்கும். ஒரு ரப்பர் தளர்ந்திருக்கிறது. தினமும் நாலு மணிக்கு இடது மட்டை மட்டும் தானாக ஆடும்.

வாங்க வந்த சலூன்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் கடைசிக் குறையை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்களேன்."

"ப்ளக்கைப் பிடுங்கிக்கூடப் பார்த்துட்டேன், தம்பி. அடங்கல."

அவள் நாலு மணிக்கு வலது கையில் டீ டம்ளரோடு வந்து நின்று, இடது கையால் மட்டுமே ஆடுவாள். பந்து தவறினால் மெஷினைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அதையெல்லாம் அட்டையில் எழுத முடியுமா?

மறுநாள் காலையில் வேன் வந்து மெஷினை ஏற்றிப் போனது. தரையில் அதன் நாலு கால் தடங்கள் மட்டும் மிஞ்சின. நாலு மணிக்கு அவர் டீயோடு உட்கார்ந்தார். காலி மூலையிலிருந்து மட்டை தட்டும் சத்தம் டக், டக்கென்று கேட்டது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சலூனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அட்டையில அந்த நாலாவது குறையை அடிச்சிடுங்க. அது இங்கேயே நின்னுடுச்சு."