இரண்டு படம், ஒரு முதுகு

“இது உன் முதுகு. இதுவும் உன் முதுகுதான். அப்போ உன் தங்கச்சி முதுகு எங்கே?”

டாக்டர் கோஸ்டிச் இரண்டு படங்களையும் மேஜையில் தள்ளினார். என் அக்கா ஷெல்பி எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் வந்திருக்கு.”

“இளிக்காதே!”

அவள் இளிக்கவில்லை. அவள் முகமே அப்படி. எனக்கும் அதே முகம்தான்; என்னைவிட நாலு நிமிடம்தான் மூத்தவள். திட்டு மட்டும் எப்போதும் அவளுக்கே விழும்.

கோஸ்டிச் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மூலக்கூறு உயிரியல் விஞ்ஞானி. எந்த மரபணு மச்சத்தைப் புற்றுநோயாக்குகிறது என்று பிரிஸ்பேனில் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அதற்கு எங்களைப் போல அச்சு அசலான இரட்டையர் வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து வருகிறோம். ரத்தம் எடுப்பார்கள். மச்சங்களை ஒன்றுவிடாமல் எண்ணுவார்கள். முதுகைப் படமெடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு கடைக் கூப்பன் தருவார்கள்.

“ரத்தத்தை வச்சு உங்க ரெண்டு பேரையும் என்னால பிரிக்கவே முடியாது. மரபணு ஒண்ணுதான். ஆனா மச்சம் அப்படியில்ல. உனக்கு இருக்கிற இடத்துல இவளுக்கு இருக்காது. செவ்வாய்க்கிழமை ஷெல்பின்னு வந்தே. வியாழக்கிழமை கீலின்னு வந்தே. நர்ஸ் வேற ஆளுங்கிறதால தப்பிச்சே. ரெண்டு நாளும் அதே அறுபத்தோரு மச்சம், அதே இடத்துல! எதுக்கு இது? ரெண்டாவது கூப்பனுக்கா?”

“ஆமா” என்றாள் ஷெல்பி.

பொய். வரமாட்டேன் என்றது நான்தான்.

என் இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இந்தக் கோடையில் பெருத்துவிட்டது. ஓரமெல்லாம் கிழிந்த காகிதம் மாதிரி. ஷெல்பிதான் முதலில் பார்த்தாள். “டாக்டர்ட்ட காட்டுடீ” என்று தினமும் நச்சரித்தாள். “அம்மாகிட்ட மூச்சு விட்டே, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேசமாட்டேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ரெட்கிளிஃப் கடலில்கூட முழுக்கைச் சட்டையோடுதான் இறங்கினேன்.

எங்கள் அப்பாவுக்கும் முதுகில்தான் ஆரம்பித்தது. கண்டுபிடித்த நாளிலிருந்து ஐந்து மாதம். அவ்வளவுதான். கண்டுபிடிக்காமல் விட்டால் அந்த ஐந்து மாதம் தொடங்காது என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

தேதி வந்ததும் ஷெல்பி, “சரி விடு, உனக்கும் சேர்த்து நானே போறேன்” என்றாள். நான் அவள் காலில் விழாத குறை.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“கீலி, நீ உள்ளே போய் சட்டையைக் கழட்டு. நர்ஸ் படம் எடுக்கட்டும்.”

“முடியாது.”

“ஏன்?”

“இஷ்டமில்ல. என் பேரை அடிச்சிருங்க.”

“தாராளமா அடிக்கிறேன், அது உன் உரிமை. ஆனா இவ பண்ணது மோசடி. நான் மேல எழுதியே ஆகணும். அடுத்த மாசம் இதே ஆஸ்பத்திரியிலதானே நர்சிங் சேர்றா? ஆராய்ச்சியில பொய் சொன்ன பொண்ணுன்னு காகிதத்துல ஏறிடும். நீ இன்னைக்கு முதுகைக் காட்டினா தப்பான படத்தைத் தூக்கிட்டு சரியானதை வச்சிடலாம். ஏதோ சின்னப் பொண்ணுங்க விளையாட்டுன்னு நானும் விட்டுடுவேன்.”

ஷெல்பியைப் பார்த்தேன். ‘எனக்காக வேண்டாம்’ என்று தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆத்திரமாக வந்தது. “ஒரு தடவையாவது ஒழுங்கா ஏமாத்தத் தெரியுதா உனக்கு? கழுதை!” என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

நர்ஸ் மொரீன் என் தோளிலிருந்து எண்ண ஆரம்பித்தார். விரல் ஜில்லென்று இருந்தது.

“பதினஞ்சு… பதினாறு… பதினேழு…”

பதினெட்டு வரவில்லை.

“மொரீன்?”

“ஒரு நிமிஷம் கண்ணு. அசையாதே.”

லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். கீழ்மாடியிலிருந்து தோல் டாக்டர் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

“எப்போலேருந்து இப்படி?”

“நவம்பர். கோடை ஆரம்பிச்சப்போ.”

“இன்னைக்கே எடுத்துடலாம். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும். பார்த்தா இன்னும் ஆழமாப் போகலைன்னுதான் தோணுது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா…”

அவர் அதை முடிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

குப்புறப் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தரைதான் தெரிந்தது. கோஸ்டிச்சின் கறுப்பு ஷூ வாசலில் வந்து நின்றது. பக்கத்தில் ஷெல்பியின் ரப்பர் செருப்பு.

“ஷெல்பி…” கோஸ்டிச்சின் குரலில் அந்தக் கோபத்தைக் காணோம். “ஆறு வருஷமா வர்றே. ஒவ்வொரு முதுகையும் பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்ப்போம்னு உனக்கு நல்லாவே தெரியும். ஒரு வாரத்துல மாட்டிக்குவோம்னுகூடவா தோணல?”

ரப்பர் செருப்பு நகர்ந்து என் தலைமாட்டுக்கு வந்தது. அவள் கை என் தலைமுடிக்குள் நுழைந்தது.

“ஒரு வாரத்துல மாட்டிடுவேன்னுதான் நம்பியிருந்தேன் டாக்டர். பதினோரு நாள் ஆக்கிட்டீங்களே! உங்க போன் வருமா வருமான்னு நான் ஒரு நாள்கூடத் தூங்கல.”